டூரிங் பைக்கை வீட்டிலேயே பராமரிப்பது: மலையில் ஒரு நாள் வேலை, சரியான வரிசையில்

குன்னூரில் எங்கள் சந்துக்கு வண்டி வேலை பழக வந்த ஏழெட்டுப் பேரைப் பார்த்திருக்கிறேன். ஆயில் மாற்ற, செயின் இழுக்க, பிரேக் பேடு போட எல்லோருக்கும் ஓரளவு தெரியும். சறுக்குவது வரிசையில்தான். கடையில் ஆயிலை வாங்கிய உற்சாகத்தில் அதை முதலில் மாற்றுவார்கள். அதே கையோடு பிரேக்கைப் பிரிப்பார்கள். எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போது பிளக்கைக் கழற்றுவார்கள்.

நான் பின்பற்றும் வரிசை இது: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செய்ய வேண்டியவை முதலில், சூடாக இருக்கும்போது செய்ய வேண்டியவை அடுத்து, அழுக்கு வேலை மூன்றாவது, கை சுத்தமாக இருக்க வேண்டிய பிரேக் வேலை கடைசியில். எது முக்கியம் என்பதை வைத்து வரிசைப்படுத்தினால் பிரேக்குதான் முதலில் வரும், அதைத்தான் பலரும் செய்கிறார்கள். நானும் அப்படிச் செய்து, ஆயில் கையோடு பேடைத் தொட்டு, காட்டேரிப் பூங்கா இறக்கத்தில் முன் பிரேக் வழுக்கி நின்றவன்.

இங்கே எடுத்துக்கொள்வது 350 சிசி அளவிலான, காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் வண்டி. முன்னால் டிஸ்க் பிரேக் (அதைப் பிடிப்பது பேடு), பின்னால் டிரம் பிரேக் (அதைப் பிடிப்பது ஷூ). உங்கள் வண்டியில் பின்னாலும் டிஸ்க் என்றால் எங்கே மாறுகிறது என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. முந்தின நாளே சேர்த்து வைக்க வேண்டியவை

முதல் தேவை சமதளம். மலையில் இதுதான் கிடைக்காது. வாசல், சந்து எல்லாம் ஏதாவது ஒரு பக்கம் சரிந்திருக்கும். சரிவில் நிறுத்திப் பார்த்தால் ஆயில் அளவு பொய் சொல்லும், பின் சக்கரத்தைக் கழற்றினால் வண்டி சாயும். ஒரு எவர்சில்வர் தட்டில் கால்வாசி தண்ணீர் ஊற்றித் தரையில் வையுங்கள். ஒரு பக்கம் தண்ணீர் ஏறி நின்றால் அந்த இடம் வேண்டாம். எனக்குக் கிடைத்த சமதளம் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையின் சிமெண்டுத் தரை.

அடுத்தது வண்டியோடு வந்த கையேடு. ஆயில் அளவு, செயின் தளர்வு (செயின் மேலும் கீழும் ஆடும் அளவு), நட்டுகளின் முறுக்கு எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். நண்பர் வண்டியின் எண்ணை உங்கள் வண்டிக்குப் போடாதீர்கள்.

கருவிகளில் ரிங் ஸ்பேனர் செட், சாக்கெட் செட், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), சொந்தமாக ஒரு காற்றழுத்தமானி, முடிந்தால் டார்க் ரெஞ்சு (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பேனர்). ஓபன் ஸ்பேனரால் இறுகிய போல்ட்டைத் திருப்பினால் அதன் மூலை மழுங்கிவிடும், அதனால்தான் ரிங் ஸ்பேனரை முதலில் சொன்னேன்.

பொருட்களில் ஆயில், ஆயில் ஃபில்டர், ட்ரெயின் போல்ட்டுக்கு (ஆயிலை வடிக்கும் அடி போல்ட்) புது வாஷர், பிரேக் ஷூ, பிரேக் பேடு, சீல் உடைக்காத பிரேக் ஆயில், மண்ணெண்ணெய், கிரீஸ், இரண்டு கிலோ பனியன் வேஸ்ட். எல்லாம் கையில் வந்த பிறகே வண்டியில் கை வையுங்கள். சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஷூ வாங்க மேட்டுப்பாளையத்துக்குப் பஸ் ஏறியவர்கள் உண்டு.

காலை ஆறரைக்குத் தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் வெளிச்சமும் போகும், திறந்து வைத்த பாகங்களில் ஈரமும் ஏறும். ஜூன் மழை வருவதற்குள், பிப்ரவரி மார்ச்சில் இந்த வேலையை முடிப்பது நல்லது.

2. குளிர்ந்த வேலை: வண்டியை ஸ்டார்ட் செய்யாமல்

இரவெல்லாம் நின்ற வண்டி இது. சாவியைத் தொடாதீர்கள்.

முதலில் டயர் காற்று. கையேட்டில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கு உரியது. பெட்ரோல் பங்க்குக்கு ஓட்டிப்போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகி அளவு கூடிவிடும். அதனால்தான் சொந்த அழுத்தமானி வேண்டும் என்றேன்.

கீழேயிருந்து வருபவர்கள் ஊட்டிக்கு வந்ததும் காற்றைக் குறைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயர ஊட்டிக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அழுத்தமானி சுமார் 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். வெப்பநிலை 20 டிகிரி இறங்கினால் அதே அளவுக்கு ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறையும். ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். எங்கே தங்குகிறீர்களோ அங்கே விடியற்காலையில் அளந்து கையேட்டு எண்ணுக்குக் கொண்டுவாருங்கள், போதும். பின்னால் ஆளோ பெட்டியோ உண்டு என்றால் கையேட்டில் அதற்குத் தனி எண் இருக்கும்.

அடுத்து ஸ்பார்க் பிளக். சிலிண்டர் தலை அலுமினியம், பிளக் எஃகு. சூட்டில் கழற்றினால் தலையில் இருக்கும் மரை உரிந்து வரும், அதைச் சரிசெய்ய லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ளுங்கள், இல்லாவிட்டால் அது நேரே சிலிண்டருக்குள் விழும். பிளக் முனையில் இருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்துவிட்டு, திரும்பப் போடும்போது ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே கடைசிவரை திருப்புங்கள். விரலுக்கு இறுகினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, பின்னால் சுற்றி எடுத்து மறுபடி போடுங்கள். ஸ்பேனர் கடைசி இறுக்கலுக்கு மட்டும்.

பிளக் கறுத்திருந்தால் உடனே கார்புரேட்டரைத் திருகாதீர்கள். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே கொடுத்த அளவு பெட்ரோலையே கொடுக்கும். அதனால் பிளக் கறுக்கும், இழுவையும் குறையும். இங்கே ட்யூன் செய்துவிட்டு அப்படியே கோவை வெயிலுக்கு இறங்கினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறும். மலையிலேயே வண்டி வைத்திருப்பவர்கள்தான் மலைக்கு ட்யூன் செய்ய வேண்டும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும், இழுவை மட்டும் கொஞ்சம் குறையும். அது கோளாறு இல்லை.

உங்கள் வண்டியில் டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் இருப்பது) சரிசெய்ய வேண்டும் என்று கையேடு சொன்னால் அதற்கும் இதுதான் நேரம். பிஸ்டன் உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலையில் பார்க்க வேண்டும். இரண்டும் மூடவில்லை என்றால் எஞ்சினை இன்னும் ஒரு சுற்று சுற்றுங்கள். சூடான உலோகம் விரிந்திருக்கும் என்பதால், ஓட்டிவிட்டு வந்து அளந்தால் அளவு தப்பாக வரும்.

ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். காகித வகை என்றால் கழுவக்கூடாது, தட்டிப் போடுங்கள் அல்லது மாற்றுங்கள். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீரால் கழுவித் துடைத்து, முனைகளை இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதற்குப் பாதிக் காரணம் இந்தத் தளர்ந்த முனைதான்.

3. சூடான வேலை: எஞ்சின் ஆயில்

இப்போது ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட்டி வாருங்கள். குளிர்ந்த ஆயில் தேன் மாதிரி இறங்கும், அடியில் படிந்த கசடு அங்கேயே தங்கிவிடும். சூடான ஆயில்தான் கசடையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். ஆனால் கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துபோகும். வந்து நிறுத்தி ஐந்து நிமிடம் விடுங்கள்.

மேல் மூடியை முதலில் திறந்து, அப்புறம் கீழே ட்ரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். மேலே காற்று நுழைந்தால்தான் கீழே சீராக இறங்கும். இன்னொரு காரணமும் இருக்கிறது: மேல் மூடி திறக்க முடியாமல் சிக்கிக்கொண்டால் அதை ஆயில் உள்ளே இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மூடியின் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி வெளுத்த நுரை இருந்தால் பதறாதீர்கள். குளிரில் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓட்டும் வண்டியில் எஞ்சினுக்குள் வேர்க்கும் ஈரம் ஆவியாக நேரமில்லாமல் ஆயிலோடு கலந்து இப்படி ஆகும். மூடியில் மட்டும் இருந்தால் துடைத்துவிடுங்கள், நீண்ட ஓட்டத்தில் சரியாகிவிடும். வடிந்த ஆயில் முழுவதும் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வண்டி ஓடையில் முங்கியிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம்.

ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கூடவே வந்ததா என்று பாருங்கள். அது உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, மேலே புதியதையும் வைத்து மூடினால் ஆயில் ஒழுகும்.

ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, விரலால் மரை பிடிக்கவைத்து, பிறகு கையேட்டில் சொன்ன முறுக்கு மட்டும் கொடுங்கள். ஒழுகக்கூடாது என்று பல்லைக் கடித்து இறுக்குவதுதான் நான் பார்த்ததில் மிகச் செலவான தப்பு. கொலக்கம்பையிலிருந்து வந்த ஒரு பையன், "அண்ணா, இன்னும் ஒரு சுத்து போகுது" என்றான். போனது சுற்று இல்லை, அலுமினிய மரை.

ஆயில் கையேட்டில் சொன்ன தரத்தில், டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற பைக் ஆயில் தரக்குறி போட்டதாக இருக்கட்டும். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் இதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகிறது. வழுக்கலைக் கூட்டும் சேர்மானம் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் ஏற்றத்தில் கிளட்ச் நழுவும். சொன்ன அளவைவிட 300 மில்லி குறைவாக ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து அளவு பார்த்து மீதியை ஊற்றுங்கள். கூட ஊற்றிவிட்டு எடுப்பது பெரிய பாடு.

பழைய ஆயிலைக் கேனில் பிடித்து ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். இங்கே கால்வாயில் ஊற்றியது பவானிக்குத்தான் போகும், கீழே இருப்பவர்கள் குடிக்கும் தண்ணீர் அது.

4. அழுக்கு வேலை: செயினும் பின் சக்கரமும்

செயினை இழுப்பதற்கு முன் கழுவ வேண்டும். மண் ஏறிய செயின் விறைத்து நின்று, தளர்வைக் குறைத்துக் காட்டும். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோல் கூடாது, ரப்பர் கெட்டுவிடும். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஒரு நொடியில் துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் (செயின் ஓடும் பல்சக்கரம்) போய்விடும். எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

கழுவிய பிறகு பின் சக்கரத்தைக் கழற்றுங்கள். கழற்றாமலே செயினை இழுத்துவிடலாம்தான். ஆனால் ஹப் ரப்பர் (சக்கர நடுவில் ஸ்ப்ராக்கெட்டின் அதிர்வைத் தாங்குவது), பேரிங், பிரேக் ஷூ மூன்றும் சக்கரத்தைக் கழற்றினால்தான் தெரியும். வருடம் ஒரு முறையாவது பாருங்கள்.

மெயின் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் செங்கல் வையுங்கள். மெயின் ஸ்டாண்டோ, பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் சரியான பேடாக் ஸ்டாண்டோ இல்லை என்றால் இந்த ஒரு வேலையைக் கடையில் விட்டுவிடுங்கள். முட்டுக் கொடுத்த வண்டி சாய்ந்தால் அடியில் இருப்பது உங்கள் கால். கழற்றும் முன் இரண்டு பக்கமும் போனில் படம் எடுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம், எந்த ஸ்பேசர் எந்த முகம் என்று மத்தியானம் நினைவிருக்காது.

கழற்றும் வரிசை: மிதியையும் பின் பிரேக்கையும் இணைக்கும் பிரேக் ராடின் நட்டு, பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் கம்பியின் நட்டு, செயின் அட்ஜஸ்டர் தளர்த்தல், கடைசியில் ஆக்சில் (சக்கர அச்சு). மாட்டும்போது இது அப்படியே தலைகீழாக வராது, அதைக் கீழே சொல்கிறேன்.

சக்கரம் வெளியே வந்ததும் பேரிங்குக்குள் விரல்விட்டுச் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போல நெறுநெறுவென்றால் மாற்ற வேண்டும். ஸ்ப்ராக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அதிகம் ஆடினால் ஹப் ரப்பர் நசுங்கிவிட்டது, கியர் போடும்போது வரும் 'டக்' சத்தத்துக்கு அதுதான் காரணமாக இருக்கும். ஸ்ப்ராக்கெட் பல் அலைபோல ஒரு பக்கம் வளைந்திருந்தால் செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயின் சீக்கிரம் நீண்டுவிடும்.

செயினில் கிளிப் வைத்த லிங்க் இருந்தால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும்.

இங்கே நிறுத்துங்கள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, புதுத் துணி எடுங்கள். பனியன் வேஸ்டில் ஆயில் தொட்ட குவியலைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

5. பின் பிரேக், பிறகு சக்கரம் ஏறுதல்

டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதாதீர்கள், மூச்சில் போகும். ஈரத்துணியால் துடையுங்கள். ஷூ கையேட்டு அளவுக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பளபளவென்று கண்ணாடியாகியிருந்தால் 120 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எடுங்கள். மழையில் நின்ற வண்டியில், ஷூவை விரிக்கும் பிரேக் கேம் துருப்பிடித்து இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து, பட்டாணி அளவு கிரீஸ், அதற்கு மேல் வேண்டாம். சூட்டில் உருகி ஷூவுக்கு வந்துவிடும்.

சக்கரத்தை ஏற்றும் வரிசை: ஆக்சிலை நுழைத்து நட்டைக் கையால் மட்டும். அடுத்து செயின் தளர்வு. சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் அளக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து இழுத்தால் இறுகிய இடம் வரும்போது பேரிங்கை இழுத்துக் கெடுக்கும். பல வண்டிகளுக்கு 25 முதல் 35 மி.மீ. சொல்லியிருப்பார்கள், மெயின் ஸ்டாண்டில் அளப்பதா சைடு ஸ்டாண்டிலா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் கொஞ்சம் தளர்வாக விடுங்கள்.

இரண்டு பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில் வந்ததும், பிரேக் மிதியை ஒருவர் அழுத்திப் பிடிக்க, ஆக்சில் நட்டை இறுக்குங்கள். ஷூ விரிந்து டிரம்மின் நடுவில் உட்கார்ந்த நிலையில் தட்டு இறுகும், பிரேக் சீராகப் பிடிக்கும். பிறகு பிரேக் தட்டின் கம்பி நட்டு, அதற்கு காட்டர் பின் (நட்டு கழலாமல் செருகும் பின்) இருந்தால் புதியது.

எல்லாவற்றுக்கும் பின்னால்தான் பிரேக் ராடு. இந்த இடத்தில்தான் பத்தில் எட்டுப் பேர் சறுக்குகிறார்கள். செயினை இழுக்கும்போது சக்கரம் பின்னால் போகிறது, ராடு தானாக இறுகுகிறது. மிதியைத் தொடாமலே ஷூ உரசும். சமவெளியில் மைலேஜ் குறையும், அவ்வளவுதான். இங்கே இறக்கத்தில் டிரம் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிரேக் பிடிக்காது. மிதிக்குக் கையேடு சொல்லும் தளர்வு வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சத்தம் கேளுங்கள். பின் விளக்கு மிதியோடு எரிகிறதா என்றும் பாருங்கள்.

செயினுக்கு 90 நம்பர் கியர் ஆயிலோ செயின் ஸ்பிரேயோ உள்பக்கமாகப் போட்டு, மிகுந்ததைத் துடைத்துவிடுங்கள். பின்னால் டிஸ்க் உள்ளவர்கள் டிஸ்க்குக்கும் செயினுக்கும் நடுவில் அட்டை பிடித்துக்கொண்டு போடுங்கள். மறுபடி கை கழுவல்.

6. முன் பிரேக்

பேடு உட்கார்ந்து டிஸ்க்கைப் பிடிக்கும் கேலிப்பரைக் கழற்றிய பிறகு பிரேக் லீவரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். நான் லீவர் இடுக்கில் மடித்த அட்டை செருகி ரப்பர் பேண்டு போட்டுவிடுவேன், வீட்டில் குழந்தை இருக்கிறது.

பேடு 2 மி.மீ.க்கு வந்தால் மாற்றிவிடுவேன். இன்னும் கொஞ்சம் ஓடும்தான், ஆனால் மெலிந்த பேடு வழியாகச் சூடு பிரேக் ஆயிலுக்குச் சீக்கிரம் ஏறும். புதுப் பேடுக்கு இடம் கொடுக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேல் கிண்ணத்தில் ஆயில் உயரும், வழிகிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில் பட்ட பெயின்ட் உரியும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கலாம். குன்னூரிலிருந்து மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாறு வரை 14 கொண்டை ஊசி வளைவு, பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஆயில் கொதித்துக் குமிழி உண்டாகும், லீவர் பஞ்சு போல உள்ளே போகும். போன மழைக்காலத்தில் திறந்த டப்பாவில் மீதி இருப்பதை ஊற்றாதீர்கள், அதுவும் ஈரம் குடித்ததுதான்.

மாற்றும் முறை: கேலிப்பரில் ஆயிலை வெளியே விடும் திருகான நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விடுங்கள். லீவரை அழுத்திப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, அதன் பிறகே லீவரை விடு. மூடும் முன் விட்டால் காற்று உள்ளே போகும். மேல் கிண்ணம் ஒருபோதும் காலியாகக் கூடாது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வண்டியில் இது இன்னும் முக்கியம், அந்த அமைப்புக்குள் காற்று புகுந்தால் பலவற்றில் சர்வீஸ் சென்டர் கருவி இல்லாமல் வெளியே வராது.

எல்லாம் மாட்டியதும், வண்டியில் ஏறுவதற்கு முன், லீவர் கெட்டியாகும்வரை பல முறை அழுத்துங்கள். பேடு மாற்றியதும் முதல் இரண்டு மூன்று அழுத்தலுக்குப் பிரேக்கே இருக்காது. இதை மறந்து நேரே வேலிக்குள் போன ஒருவர் எனக்கு மாமா முறை.

7. சோதனை ஓட்டம்

கிளட்ச் கேபிள் தளர்வை ஒரு முறை பாருங்கள். நீண்ட பயணம் போகிறவர்கள் புதுக் கேபிள் ஒன்றைப் பழையதன் ஓரமாகவே டேப் போட்டுக் கட்டிவிடலாம், வழியில் அறுந்தால் இரண்டு முனையை மாற்றினால் போதும்.

முதலில் சமமான தெருவில் நடை வேகத்தில் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். அப்புறம் ஏற்றம். கடைசியில்தான் இறக்கம். புதுப் பேடும் ஷூவும் படிந்து உட்காரக் கொஞ்ச தூரம் ஆகும், அதுவரை வேகம் வேண்டாம். நான் கல்லாறு போகும் அதே இறக்கத்தில் இருக்கும் பர்லியார் வரை மூன்றாம் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக இறங்கி, அங்கே நிறுத்தி, சக்கர நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். பின் டிரம் முன் டிஸ்க்கைவிடத் தணலாக இருந்தால் ராடு இறுகியிருக்கிறது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும். மங்குஸ்தான் காலமாக இருந்தால் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு, சூடு ஆறியதும் மேலே ஏறலாம்.

வீட்டுக்கு வந்ததும் ஆக்சில் நட்டு, கேலிப்பர் போல்ட்டு, ட்ரெயின் போல்ட்டு மூன்றிலும் ஸ்பேனரை ஒரு முறை வைத்துப் பாருங்கள். எஞ்சினுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வண்டியை விட்டுவிடுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் பெட்டியைக் கட்டலாம். ஒரு சொட்டு இருந்தாலும், அது எந்த போல்ட்டுக்கு நேர்கீழே விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, மறுபடி ஸ்பேனரை எடுங்கள்.